‘பஞ்ச் விழல சார்’: டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து

மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் டைம் ஆபீஸ் பார்க்கிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு டைம் ஆபீஸ் என்றால் சட்டென்று பிடிபடாது. கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், யாருக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை), யாருக்கு லீவு என்று கணக்கு வைத்து மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலுக்கு அனுப்புகிற இடம். ஒரு பீஸ்கூட எங்கள் கையால் உற்பத்தி ஆகாது. ஆனால் சம்பளத் தேதி அன்று கம்பெனியிலேயே பெரிய கூட்டம் எங்கள் ஜன்னலில்தான் நிற்கும்.

நான் சேர்ந்தபோது மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவு நோட்டு. அப்புறம் அட்டை வந்தது, அப்புறம் கைரேகை மெஷின், இப்போது முகம். சேல்ஸ் ஆட்களுக்கு மொபைல் ஆப். ஒவ்வொன்றையும் விற்க வந்தவர்கள் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "இனிமே உங்களுக்கு ஒரு பிரச்சனையும் இருக்காது சார்." மெஷின் வாங்கப்போகிற சின்ன முதலாளிகளும், என்னைப் போல ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களும், வெளியே நிற்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்த வசனத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1888-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில், வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் வேலை நேரம் பதிகிற கடிகாரத்தைக் கண்டுபிடித்தார். அதைச் செய்து விற்ற கம்பெனி பலவற்றோடு இணைந்து இணைந்து கடைசியில் ஐ.பி.எம். என்ற கம்ப்யூட்டர் கம்பெனி ஆனது. மதுரையில் அந்தக் காலத்தில் ஹார்வி மில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதியது எல்லார் காதிலும் ஒன்றுபோல விழும், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. மெஷின் வந்த பிறகு ஆளுக்கு ஒரு நேரம், அதுவும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள். சண்டைக்கு விதை அங்கேதான்.

அட்டையை விட்டுக் கைரேகைக்கு மாறியதன் காரணம் எல்லாருக்கும் தெரியும். ஒருவன் நாலு பேர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து வரிசையாகத் தேய்ப்பான். கைரேகையில் அது நடக்காது, வாஸ்தவம்தான். ஆனால் ரப்பர் கம்பெனியில் கைரேகை மெஷின் வாங்குவதற்கு முன் மிக்ஸிங் செக்‌ஷனில் ஒரு ஆளின் கையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். ரப்பரில் கலக்கிற கார்பன் பிளாக் என்ற கரித்தூள் விரல் ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கறுப்பு மங்குமே தவிரப் போகாது. பிரஸ் ஓட்டுபவர்களுக்கு வேறு கதை. சூடான மோல்டிலிருந்து பீஸைப் பிரித்துப் பிரித்து விரல் நுனி காய்த்து வழுவழுவென்று ஆகியிருக்கும். மெஷின் தேடுவது ரேகைக் கோடுகள் எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்பதைத்தான். கோடே தேய்ந்துபோன விரலில் அது எதைத் தேடும்? மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், ரேஷன் கடையில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிற பாட்டிகள், எல்லாருக்கும் இதே கதைதான்.

‘பஞ்ச் விழல சார்’, அதாவது மெஷினில் வருகை பதியவில்லை, என்று கேட்டில் காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். கைரேகை மெஷினோடு மல்லுக்கட்டியதில் உருப்படியாகக் கற்ற சிலதைச் சொல்லிவிடுகிறேன். விரலைப் பதிவு செய்வதை ஷிப்ட் தொடங்கும் முன், கை சுத்தமாக இருக்கும்போது செய்ய வேண்டும். வேலைக்கு நடுவே கூப்பிட்டுப் பதிந்தால் அழுக்கோடு பதியும், அப்புறம் அழுக்கு இல்லாத நாளில்தான் தகராறு செய்யும். ஒரே கையில் இரண்டு விரல் போதாது, இரண்டு கையிலும் பதிய வேண்டும். வேலையில் அதிகம் தேய்வது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான், மோதிர விரல் தப்பித்துக்கொள்ளும். கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காமல் காய்ந்த மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லி செக்யூரிட்டியிடம் ஒரு துணியே கொடுத்து வைத்தோம். இவ்வளவுக்குப் பிறகும் விழாத கைகள் இருக்கும். அவர்களுக்கு அட்டையோ ரகசிய எண்ணோ கொடுத்துவிட வேண்டியதுதான். "எல்லாருக்கும் ஒரே முறை" என்று பிடிவாதம் பிடிக்கிற மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்றவர்கள் இல்லை.

கை சுத்தமாக இருந்தும் வைக்க மாட்டேன் என்றவர் ஒருவர் இருந்தார். சேடபட்டிப் பக்கத்து ஆள், பிரஸ் செக்‌ஷனில் மூத்தவர். ஒரு நாள்கூட லேட்டாக வந்ததாக எனக்கு நினைவில்லை. கைரேகை பதியக் கூப்பிட்டதும் ஜன்னலுக்கு வந்து தணிந்த குரலில், "தம்பி, ரேகை மட்டும் வைக்க மாட்டேன். வேற என்ன வேணாலும் செய்யிறேன்" என்றார். வெளியூரிலிருந்து வந்த மேனேஜருக்கு இவர் ஏதோ தில்லுமுல்லுக்குத் திட்டம் போடுகிறார் என்று சந்தேகம். எங்களுக்குத் தெரியும். உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கம் ‘ரேகைச் சட்டம்’ என்றால் இன்றைக்கும் பெரியவர்கள் முகம் மாறும். வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு குற்றமும் செய்யாத ஆண்களையும் சாதியின் பெயரால் ரேகை பதியச் சொல்லி, இரவில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்கச் சொன்ன சட்டம். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். சட்டம் 1947-இல் ரத்தானது. வீட்டுப் பேச்சில் அது ரத்தாகவில்லை.

நான் என் அறிவுக்கு எட்டியவரை விளக்கினேன். "அண்ணே, இந்த மெஷின் ரேகையைப் படமா வச்சுக்காது, கோடுகளை நம்பரா மாத்தித்தான் வச்சுக்கும்." அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படமோ நம்பரோ, வச்சது வச்சதுதானப்பா" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. போட்டோ ஒட்டிய அட்டையே அவருக்கு இருக்கட்டும், செக்யூரிட்டி முகம் பார்த்து விடட்டும் என்று எழுதி வாங்கி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினோம். ஒரு ஆளுக்காகத் தனி ஏற்பாடா என்று முணுமுணுப்பு வந்தது. அந்த ஏற்பாடு இருந்ததால்தான் மிக்ஸிங் ஆட்களுக்கும் பிறகு அட்டை கொடுக்க முடிந்தது. முக மெஷின் வந்தபோது அவரே முதல் ஆளாக வந்து நின்றார். "மூஞ்சியைத்தானே பாக்குது, பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் மத்திய அரசு அலுவலகங்களிலேயே பயோமெட்ரிக் வருகையை நிறுத்தி வைத்தார்கள். எங்களைப் போன்ற இடங்களும் தொடாத முறைக்கு மாற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முக மெஷினில் கார்பன் தொல்லை இல்லை, வரிசையும் வேகமாக நகரும். ஆனால் அதற்கும் சில குணங்கள் உண்டு. எங்கள் கேட் மேற்கே பார்த்தது. சாயங்கால வெயில் நேரே கேமராவில் அடித்ததால் ஜெனரல் ஷிப்ட் முடிந்து போகிறவர்களில் பாதிப் பேரை அது அடையாளம் சொல்லவில்லை. காலையில் எல்லாரையும் தெரிந்த மெஷினுக்குச் சாயங்காலம் யாரையும் தெரியாது. மெஷின் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வந்து சாஃப்ட்வேரை மாற்றிப் பார்த்தார். கடைசியில் மெஷினைக் கழற்றி உள்சுவரில் நிழலான பக்கம் மாட்டியதும் சரியாகிவிட்டது. மாட்டும் இடத்தைக் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மொட்டை. பழனிக்கு மொட்டை போட்டுவிட்டு வருகிறவர்கள், மாலை போட்டுத் தாடி வளர்க்கிற ஐயப்ப சாமிகள், இவர்களை மெஷின் சில நேரம் ஏற்காது. கார்த்திகை, மார்கழியில் திரும்பப் பதிவு செய்யத் தனியாக நேரம் ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. சித்திரைத் திருவிழா வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எந்த மெஷினாலும் ஆளைக் கொண்டுவர முடியாது. அந்த வாரத்து லீவை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதுதான் புத்தி.

வரிசையைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆளுக்கு மூன்று விநாடி என்றாலும் 200 பேர் ஷிப்ட் மாறும்போது 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். கடைசியில் நிற்பவர் நேரத்துக்கு வந்தும் லேட். ஒரே ஒரு மெஷினை மாட்டிவிட்டு லேட் பிடித்தம் போடுகிற இடங்களில், பிடித்தம் உண்மையில் வரிசைக்குத்தான். கம்பெனி வேன் திருமங்கலம் ரயில்வே கேட்டிலோ கப்பலூர் டோல்கேட்டிலோ மாட்டிக்கொண்டால் அதில் வந்த அத்தனை பேரும் லேட். வேன் வந்த நேரத்தை செக்யூரிட்டி எழுதிவைத்து, அன்றைக்கு அவர்கள் கணக்கில் லேட் விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி சாஃப்ட்வேரில் வேண்டும். வாங்கும்போதே கேளுங்கள்.

இதுவரை சொன்னது மெஷின் விஷயம். அதைக் காசு செலவு செய்து சரிசெய்துவிடலாம். மெஷினுக்குப் பின்னால் சாஃப்ட்வேரில் போட்டு வைக்கிற விதிகள்தான் ஆளைக் கொல்லும், ஏனென்றால் அவை யார் கண்ணுக்கும் தெரியாது.

உதாரணத்துக்கு ‘சி’ ஷிப்ட். இரவு பத்து மணிக்கு உள்ளே, காலை ஆறுக்கு வெளியே. நள்ளிரவில் தேதி மாறிவிடுகிறதல்லவா, சாஃப்ட்வேரில் சரியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் ஒரு தேதியில் வந்ததற்கு மட்டும் பதிவு, அடுத்த தேதியில் போனதற்கு மட்டும் பதிவு, இரண்டு நாளும் அரைகுறை. தூங்காமல் வேலை பார்த்தவனுக்கு இரண்டு ஆப்சென்ட். புது சாஃப்ட்வேர் போட்டால் முதல் மாதம் பழைய முறையையும் சேர்த்தே ஓட்டி, இரவு ஷிப்ட் ஆட்களின் கணக்கை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாரையும் பார்க்க நேரமில்லை என்றால் அவர்களை மட்டுமாவது.

அப்புறம் ரவுண்டு பண்ணுவது. ஓ.டி.யை அரை மணி நேரக் கணக்கில் கீழே வெட்டுகிற மாதிரி பல சாஃப்ட்வேர்களில் வசதி உண்டு. ஐம்பது நிமிடம் கூடுதலாக வேலை பார்த்தால் முப்பது நிமிடம்தான் கணக்கு. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போனால் 26 நாளில் 520 நிமிடம். எட்டு மணி நாற்பது நிமிடம். ஒரு முழு ஷிப்டுக்கும் மேல். முதலாளிக்குத் தெரிந்து நடந்தாலும் தெரியாமல் நடந்தாலும் தொழிலாளிக்கு நஷ்டம் ஒன்றுதான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் பார்க்கிற வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் ஓ.டி.க்கு இரட்டைதான். ஆக, வெட்டுப்படுகிற ஒவ்வொரு நிமிடமும் இரண்டு நிமிடக் காசு. தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற மசோதா 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் எங்கள் ஜன்னலில் ஓ.டி. கணக்கு கேட்டு வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம்.

மூன்றாவது, ‘மூணு லேட்டுக்கு அரை நாள் கட்’. மாசி வீதி ஜவுளிக் கடைகளிலிருந்து தொழிற்பேட்டை வரை இது ஏதோ சட்டம் மாதிரி நடமாடுகிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் சொன்னது வேறு, அதற்குப் பதிலாக வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையேதான் சொல்கிறது: ஒருவர் எவ்வளவு நேரம் வேலையில் இல்லையோ அந்த நேரத்துக்கு உரிய சம்பளத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. மூன்று லேட்டும் சேர்ந்து இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடக் காசு. மெஷின் வந்த பிறகு நிமிடம் வரைக்கும் துல்லியமாகத் தெரிகிறதே, பிடிக்கிறபோது மட்டும் அந்தத் துல்லியம் எங்கே போகிறது என்று பீஸின் ஓரத்தை வெட்டிச் சரிசெய்கிற டிரிம்மிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார். பதில் சொல்ல மேனேஜரிடம்தான் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது எங்களிடம் அந்த விதி இல்லை.

சம்பளத்தோடு மட்டும் இது முடிவதில்லை. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை வாங்க ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். காண்ட்ராக்டில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து பணம் கேட்டபோது நாள் குறைகிறது என்றார்கள். தேடிப் பார்த்தால், அவர் பஞ்ச் விழாத நாட்களையெல்லாம் காண்ட்ராக்டர் ஆப்சென்ட் என்றே அனுப்பியிருக்கிறார். எங்கள் கேட் மெஷினிலிருந்து திருத்தப்படாத பதிவை எடுத்தால், பாதி நாட்களில் வந்த நேரம் இருக்கிறது, போன நேரம் மட்டும்தான் இல்லை. செக்யூரிட்டி நோட்டையும் சேர்த்துக் காட்டி விட்டுப்போன நாட்களுக்குப் பங்களிப்பைக் கட்டவைத்தோம். ஒற்றைப் பஞ்ச் இருக்கிற நாளை ஆப்சென்ட் என்று போடாதீர்கள். அது ‘விசாரிக்க வேண்டிய நாள்’, அவ்வளவுதான்.

எங்கள் ஜன்னலில் கூட்டம் குறைந்ததற்குக் காரணம் முக மெஷின் இல்லை. மெஷினில் விழுந்ததை ஆபீஸுக்குள் உட்கார்ந்து திருத்த முடியும் என்று தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும். அதனால் எவ்வளவு விலை மெஷின் என்றாலும் அது கம்பெனியின் ஆள்தான். கேன்டீன் வாசலில் பழைய மானிட்டர் ஒன்றை வைத்தோம். முகத்தைக் காட்டினால் இந்த மாதம் தனக்கு எத்தனை நாள், எத்தனை மணி ஓ.டி., எந்தெந்த நாளில் பஞ்ச் இல்லை என்று அவரவர் கணக்கு மட்டும் தெரியும். கையால் திருத்தியது சிவப்பில் தெரியும், யார் திருத்தியது என்ற பெயரோடு. எங்கள் மாதக் கணக்கு 25-ஆம் தேதி முடிகிறது. 22 முதலே மானிட்டர் முன்னால் டீ கிளாஸோடு நிற்பார்கள். ‘மிஸ் பஞ்ச்’ சீட்டை அன்றைக்கோ மறுநாளோ சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் நானே ஏற்றிவிடுவேன், மாதக் கடைசி வரை வைத்திருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. சம்பளத்துக்குப் பிறகு வந்துகொண்டிருந்த சண்டை சம்பளத்துக்கு முன்னால் வர ஆரம்பித்தது. முன்னால் வருவது சண்டையாக இருக்காது, பேச்சாக இருக்கும்.

வெளியே சுற்றுகிற சேல்ஸ் ஆட்களுக்கான மொபைல் ஆப் பற்றியும் கொஞ்சம். கடைக்குப் போய் செல்ஃபி எடுத்தால் இடமும் நேரமும் பதியும். பொய் இடம் காட்டுகிற ஆப்களும் சந்தையில் உண்டு, அதைக் கண்டுபிடிக்கிற வசதியும் உண்டு, இந்தத் துரத்தல் முடியாது. தகரக் கொட்டகைக்குள் நின்றால் ஜி.பி.எஸ். புள்ளி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும் என்பதால் ஆப்பில் கடையைச் சுற்றிப் போட்டு வைக்கிற நூறு மீட்டர் வட்டத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அதைவிட முக்கியம், வேலை நேரம் முடிந்ததும் ஆப் இடத்தைப் பதிவதை நிறுத்த வேண்டும். எங்கள் சேல்ஸ் தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனதை திங்கட்கிழமை மேனேஜர் விசாரித்த பிறகுதான் அந்தப் பொத்தானைத் தேடினோம்.

என் அக்கா மகன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனுக்கு சில நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடிக்கிற சாஃப்ட்வேர். "யோசிக்கிற நேரமெல்லாம் சும்மா இருந்ததா காட்டுது மாமா" என்கிறான். மௌஸ் தானாக அசைய ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறார்களாம் கூட வேலை பார்ப்பவர்கள். நாலு அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தவன்தான் ஞாபகத்துக்கு வந்தான். ஊரில் நூறு நாள் வேலைக்குக்கூட 2023 ஜனவரியிலிருந்து காலையும் மதியமும் ஆப்பில் போட்டோ கட்டாயமானது. கண்மாய்க் கரையில் சிக்னல் தேடிப் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிக்கொண்டு நடந்ததைச் சித்தி சிரிக்கச் சிரிக்கச் சொல்லும்.

கடைசியாக, மெஷினோ சாஃப்ட்வேரோ மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. பழைய மெஷினைக் கழற்றுவதற்கு முன் அதிலிருக்கிற முழுப் பதிவையும், திருத்தாத பதிவு தனியாகவும் திருத்தியது தனியாகவும், எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) வருடத்துக்கு 240 நாள் கணக்கு கேட்பார்கள், அதுவும் பல வருடம் கழித்து, மெஷின் விற்ற கம்பெனியே இல்லாமல் போன பிறகு கேட்பார்கள். விலகியவர்களின் வருகைப் பதிவு இருக்கட்டும், அவர்களின் முகமும் ரேகையும் மெஷினில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, அழித்துவிடுங்கள். தொழிலாளியாக இருந்தால், பஞ்ச் விழாத அன்று மெஷினின் திரையை நேரம் தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை என்றால் செக்யூரிட்டி நோட்டில் பேரும் நேரமும் எழுதச் சொல்லுங்கள்.